மூச்சக்காவின் மூன்று கதவு அலமாரி

அந்த மருத்துவமனையில் அவருக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எக்ஸ்ரே அறையில் வேலை. நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்களைச் சட்டத்தோடு ஒட்டி நிற்கவைத்து, தோள்களை முன்னால் தள்ளிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய், "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்பார். ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை. கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை யாராவது வாசித்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே ஒரு நொடி நின்றுவிடுவார்.

வயது ஐம்பத்தொன்று. கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். தெருவில் மீட்டர்க்காரர் என்றால்தான் தெரியும். நல்ல மனிதர், ஒரு குடியும் இல்லை, ஒரு வம்பும் இல்லை. ஒரே ஒரு சிக்கல், கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் சரி என்று நினைப்பார். காலையில் ஒரு வீட்டில் கேட்ட அரசியலை மத்தியானம் இன்னொரு வீட்டில் கேட்டது அழித்துவிடும். வீட்டுக்கு வரும்போது கடைசி மீட்டரின் கருத்து எதுவோ அதுதான் அவர் கருத்து. மூச்சக்கா இதற்குப் பழகிவிட்டார். ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் தூங்கப் போகும் முன் பேசிவிடுவார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் பேச முடியாதல்லவா.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்கள் வீட்டில் அலமாரி என்று ஒன்று இருந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் இரண்டு சூட்கேஸ், கதவுக்குப் பின்னால் ஆணிகள், மகளின் துணிக்கு ஒரு தகரப் பெட்டி. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மூச்சக்கா முழங்காலிட்டு சூட்கேஸை இழுத்து, மேலே இருப்பதையெல்லாம் கலைத்து, அடியில் இருக்கிற சேலையை உருவுவார். மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனதும், ஒரு வீட்டின் மாடிப் பகுதிக்குக் குடிவந்தார்கள். படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கக் காலியாக இருந்தது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலி ஞாபகம் வந்தது.

அப்படி வாங்கியதுதான் அந்த மூன்று கதவு அலமாரி. நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. கடையில் திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அஞ்சு வருஷம் வாரண்டி மேடம். கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார் விற்பனையாளர்.

அப்படித்தான் வாங்கினார்.

அட்டைப் பெட்டிகளில் பலகை பலகையாக வந்தது. இரண்டு ஆட்கள் முக்கால் மணி நேரத்தில் பூட்டி நிறுத்திவிட்டு, மீந்த மூன்று திருகாணிகளைச் சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். மீட்டர்க்காரர் அந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது மீந்ததா, இல்ல மாட்ட மறந்ததா?"

"எப்பவும் கூடுதலாத்தான் குடுப்பாங்களாம். அந்த ஆளு சொன்னாரு."

"ஓ, அப்ப சரி" என்று அவர் அந்தக் கவலையை அங்கேயே விட்டார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வேலை முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பிய மூச்சக்கா அலமாரியின் இடது கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். மூடினார். மறுநாளும் திறந்து கிடந்தது. கணவருடைய துணிகள் இருப்பது வலது பக்கம். இடது பக்கத்தில் அவருக்கு என்ன வேலை?

"ஏங்க, அலமாரியில எதையாவது தேடினீங்களா?"

"இல்லையே."

"கதவு திறந்திருக்கே."

"நான் தொடவே இல்லம்மா."

முதல் நாள் இவ்வளவுதான். மூன்றாம் நாள் குரல் கொஞ்சம் ஏறியது. ஐந்தாம் நாள் பேச்சு நின்றது. இருபத்தாறு வருடத்தில் அவர் பொய் சொல்லி மூச்சக்கா பார்த்ததில்லை. ஆனால் கதவு கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. அவருடைய சேலைகளுக்கு நடுவே இந்த மனிதர் எதைத் தேடுகிறார்? மகள் எழுதிய பழைய கடிதங்களையா, வங்கிப் புத்தகத்தையா? ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போனார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூடிய இடது கதவு, உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு விரற்கடை விலகியது. அப்புறம் ஒரு சாண். அப்புறம் மெதுவாக, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல, முழுக்கத் திறந்து நின்றது. மூச்சக்கா கையில் தலையணை உறையோடு திருதிருவென்று விழித்தார். எழுந்து போய் மூடினார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் திறந்தது.

மாலையில் கணவர் வந்ததும் கட்டிலில் உட்காரவைத்துக் காட்டினார். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, காப்பியைக் கையில் கொடுத்தார்.

"அப்பாடா" என்றார் மீட்டர்க்காரர். "நீ தினம் தினம் கேக்கக் கேக்க, நான்தான் திறந்து வெச்சுட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து ஒத்துக்கலாம்னுகூட இருந்தேன்."

மறுநாள் கடைக்குப் போன் செய்தார் மூச்சக்கா. கடை மேலாளர் பொறுமையாகக் கேட்டார். "வாரண்டி கம்பெனி சமாச்சாரம் மேடம். நாங்க விக்கிறது மட்டும்தான். கார்டுல நம்பர் இருக்கும், பாருங்க."

கார்டில் நம்பர் இருந்தது. அந்த நம்பரில் ஒரு இயந்திரக் குரல் ஒன்றை அழுத்தச் சொன்னது, நான்கை அழுத்தச் சொன்னது, இசை போட்டது. கடைசியில் ஒரு பெண் வந்தார். "கார்டுல கடை சீல் இருக்கா மேடம்?"

இல்லை. சீல் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு காலிக் கட்டம்தான் இருந்தது.

"சீல் இல்லாம புகார் பதிய முடியாதுங்க. அலமாரி வாங்கி ஏழு நாளுக்குள்ள சீல் போட்டிருக்கணும்."

"பில்லு இருக்கே."

"பில்லு கடையோடது மேடம். வாரண்டி எங்களோடது."

மூச்சக்கா கடைக்கு நேரிலேயே போனார். சீலைப் பூட்டி வைத்திருப்பவர் லீவு. இரண்டாம் தடவை போனபோது அவர் இருந்தார், ஏழு நாள் தாண்டிவிட்டதே என்று இழுத்தார். மேலாளர் வந்து, "பாவம், வெச்சுக் குடுங்க" என்றார். ஏதோ தர்மம் செய்கிற குரல். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று புரியாமல் மூச்சக்கா நன்றி சொல்லிவிட்டு வந்தார். பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகு கோபம் வந்தது.

அன்று மாலை கணவனும் மனைவியும் அந்தக் கார்டை மேசையில் விரித்து வைத்துப் படித்தார்கள். முகப்பில் பெரிய எழுத்தில் ஐந்து வருடம். உள்ளே பொடி எழுத்தில், பலகைக்கு ஐந்து வருடம், அதுவும் பூச்சி அரித்தால் மட்டும். கீலுக்கு ஒரு வருடம். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. கதவு எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரியவில்லை. அது பலகையும்தான், கீலில் தொங்குவதும்தான்.

ஒன்பதாவது விதியை மூச்சக்கா இரண்டு தடவை உரக்கப் படித்தார். "நிறுவப்படும் தளத்தின் சமமின்மையால் விளையும் குறைகள் இவ்வுறுதிமொழியின் வரம்புக்குள் அடங்கா." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடங்கானா அடங்குமா, அடங்காதா?"

மீட்டர்க்காரர் யோசித்தார். "அடங்காப்பிடாரின்னு சொல்றோமில்ல, அந்த அடங்கா."

"அப்ப அடங்காது."

"அப்படித்தான் இருக்கணும்."

புகார் பதிவாகி ஒரு வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வந்தார். தோளில் பை, வாயில் அவசரம். அலமாரியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த காற்றுக் குமிழி நடுக்கோட்டை விட்டு விலகி நின்றது.

"பாருங்க மேடம். தரை முன்பக்கமா சாயுது. அலமாரில ஒண்ணுமில்ல. முன் காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வெச்சுக்குங்க."

"புது அலமாரிக்கு அட்டையா?"

"அலமாரிக்கு இல்ல மேடம், உங்க தரைக்கு."

ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துக் கேட்டார். மூச்சக்கா போட்டுக் கொடுத்தார். நாள் முழுக்க நோயாளிகளிடம், "இங்க ஒரு கையெழுத்து" என்று காட்டிக் காட்டி வாங்குகிறவர். ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. தானும் படிக்கவில்லை என்பது சர்வீஸ்காரர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. பத்து நிமிடத்தில் போனில் ஒரு தகவல் வந்தது. தங்கள் புகார் தங்களுடைய முழுத் திருப்தியுடன் முடித்துவைக்கப்பட்டது என்று.

அந்த முழுத் திருப்தி எங்கே இருக்கிறது என்று மூச்சக்கா வீடு முழுக்கப் பார்த்தார். இடது கதவு திறந்திருந்தது.

இதெல்லாம் கீழே வீட்டு ஓனர் காதுக்குப் போனது மீட்டர்க்காரர் வாயால். ஓனர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. மேற்பார்வைக்கு ஆள் வைக்காமல் தானே நின்று கட்டிய வீடு அது. செங்கல்லைக்கூட எண்ணித்தான் இறக்கினார் என்பார்கள். "தரை கோணலாம் சார், கம்பெனி ஆளே சொல்லிட்டாரு" என்று மீட்டர்க்காரர் சொல்லி வாயை மூடுவதற்குள், அவர் மாடியேறி வந்துவிட்டார். கையில் சொந்த ரசமட்டம்.

"எக்ஸ்ரேம்மா, எந்தத் தரை கோணல்? காட்டுங்க."

வாசலருகே வைத்தார், குமிழி நடுவில் நின்றது. சன்னலருகே வைத்தார், நடுவில் நின்றது. அலமாரிக்கு முன்னால் வைத்தபோது குமிழி கொஞ்சம் ஒதுங்கியது. ஓனர் ரசமட்டத்தைத் தட்டினார், ஊதினார், வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார்.

"இது பழசு" என்றார். "பதினஞ்சு வருஷம் ஒருத்தரும் இந்தத் தரைய ஒரு சொல் சொன்னதில்ல. உங்க அலமாரி வந்தப்புறம்தான் என் தரை கோணலாகுதா?"

"நான் சொல்லல சார். அவங்க சொன்னாங்க."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களாமே."

இரவல் தரையில் நின்றுகொண்டு அந்தத் தரையைக் குறை சொல்லிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. மீட்டர்க்காரர் ஓனர் பக்கம் நின்று, "தரை நல்லாத்தான் இருக்கு" என்றார். அரை மணி நேரம் முன்னால் அவர் சர்வீஸ்காரர் பக்கம் இருந்தார்.

மறுநாள் வேலையில் மனம் ஓடவில்லை. ஒருவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்துபோனார். அந்த மனிதர் முகம் சிவந்து, "விடலாமாங்க?" என்று கையால் கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நுகர்வோர் உதவி மையம் என்று ஒன்று பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

ஒரே அறை. மேசையில் நூல் கட்டிய பேனா. பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அலுவலர், இருமிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். மூச்சக்கா பில், கார்டு, போனில் வந்த தகவல் எல்லாவற்றையும் பரப்பினார். சொல்லத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது.

"எங்க வீட்டுக்காரர் தரை கோணலே இல்லங்கறாரு. ஆனா கம்பெனி ஆளு கோணல்னதும் எங்க வீட்டுக்காரர் ஆமா கோணல்தான்னாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரர் மாடிக்கு வந்து சத்தம் போட்டதும் எங்க வீட்டுக்காரர் மாத்திப் பேசறாரு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எத்தனை வீட்டுக்காரர் அக்கா?"

மூச்சக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒருத்தர் வாடகை வாங்கறவரு. இன்னொருத்தர் கட்டினவரு. வீட்ட இல்ல, என்ன."

அலுவலர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்த பிறகு நிதானமாகச் சொன்னார். "இந்தக் கார்டு கம்பெனி உங்களுக்குக் குடுத்த வாக்கு. அது ஒண்ணு. ஆனா கடைக்காரர் உங்களுக்கு ஒரு பொருள வித்தாரு. அலமாரின்னு வித்தா அது அலமாரியா இருக்கணும், கதவுன்னா மூடணும். அந்தப் பொறுப்பு கார்டு இருந்தாலும் உண்டு, இல்லாட்டியும் உண்டு. சீல் இல்லன்னாலும் பில்லு போதும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"அப்ப கடைக்காரர் எங்களுக்குச் சம்பந்தமில்லன்னது?"

"அது அவங்க வசதிக்குச் சொல்றது."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"ஆள் வந்தாருன்னு போட்டதா வெச்சுக்கலாம். கதவு இன்னும் திறக்குதில்ல? திருப்தின்னு எழுதிட்டா குறை ஓடியா போயிடும்? ஆனா ஒரு விஷயம். தரைதான் காரணம்னு எழுத்துல இருக்கு. அது இல்லன்னு காட்ட உங்ககிட்ட ஏதாவது வேணும். படம், வீடியோ, ஏதாவது." பிறகு ஒரு படிவத்தைத் திருப்பி வைத்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கா?"

"ஆமா. சரி பண்ணித் தரணுமா, மாத்தித் தரணுமா, பணத்தத் திருப்பித் தரணுமா? ஒண்ணு சொல்லுங்க."

மூச்சக்கா படிவத்தையே பார்த்தார். இத்தனை நாளும் யார் சொல்வது சரி என்றுதான் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார். தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

"கதவு மூடினா போதும்" என்றார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே அக்கா."

பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணவருக்குப் போன் செய்யலாமா என்று தோன்றியது. அவர் யார் பக்கத்தில் இருக்கிறாரோ என்று விட்டுவிட்டார். கடைசியில் மாற்றித் தரவேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டார். போட்ட பிறகும், சரி பண்ணினால் போதுமே, பேராசைப்படுகிறோமோ என்று உறுத்தியது.

அதற்கடுத்த வாரம் எக்ஸ்ரே அறையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒருவருடைய நெஞ்சுப் படத்தில் வலது ஓரம் வெள்ளையாக ஒரு புள்ளி. புதிதாக வந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து முகம் சுருக்கினார். வெளியே அந்த மனிதரின் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூச்சக்கா அசரவில்லை. ஃபிலிம் வைக்கிற அதே படப்பெட்டியில் அடுத்த ஆளின் படத்தையும் எடுத்தார். அதே இடத்தில் அதே புள்ளி. பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த துணுக்குத் தூசியைத் துடைத்தார்.

"புள்ளி ஆளுகிட்ட இல்ல டாக்டர், பெட்டியில இருக்கு. ஆள மாத்தினாலும் அது நகரல, பாருங்க."

இருபது வருடமாக இதே வேலையைச் செய்கிறார். சந்தேகம் வந்தால் ஒன்றை அப்படியே வைத்து இன்னொன்றை மாற்று. அன்று அதைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போதுதான் அவருக்குச் சட்டென்று அலமாரி நினைவு வந்தது. துடைக்கிற துணியோடு அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் குவித்தார். மீட்டர்க்காரர் பயந்துபோனார். "எங்க கிளம்பறே?"

"எங்கயும் இல்ல. கீழ போய் ஓனரக் கூப்பிடுங்க. அலமாரியத் திருப்பணும்."

மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். ஓனருக்கு எழுபது வயது, இடுப்பில் பெல்ட், ஆனாலும் தன் தரையின் மானம் என்பதால் முழு பலத்தோடு தள்ளினார். எதிர்ச் சுவரோரம் கொண்டுபோய் முகத்தைத் திருப்பி நிறுத்தினார்கள்.

மூச்சக்கா விளக்கினார். "தரை இந்தப் பக்கமா சாயுதுன்னா, முன்னாடி அலமாரி முன்னால சாஞ்சது. இப்ப திருப்பிட்டோம், பின்னால சாயணும். தரைதான் காரணம்னா கதவு இனிமே திறக்கக் கூடாது."

மீட்டர்க்காரர் கையால் காற்றில் அலமாரியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஆமா" என்றார், பிறகு, "எப்படி?" என்றார்.

மூச்சக்கா இடது கதவை மூடினார். போனில் படம் பிடிக்கத் தொடங்கினார். மூவரும் கட்டிலோரம் துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஓனரின் முகம் சுண்டியது. தன் தரைதான் கோணலா என்ற நினைப்பு அவர் முகத்தில் ஏறுவதை மூச்சக்கா பக்கவாட்டில் பார்த்தார். பாவமாக இருந்தது. அப்போது கதவு ஒரு விரற்கடை விலகியது. முன்னைவிட மெதுவாக, தயங்கித் தயங்கி, ஆனால் திறந்தது.

"ஆங்" என்றார் ஓனர். எழுந்து நின்றார். தரையைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கீழே போனார்.

மூச்சக்கா கடிதம் எழுதினார். அலுவலர் சொல்லிக்கொடுத்தபடி கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. வாங்கிய தேதி, போன் செய்த தேதி, ஆள் வந்த தேதி, திருப்பி வைத்த தேதி. பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் மேற்கொண்டு புகார் செய்வேன் என்று கடைசி வரி. அந்த வரியை இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினார். யாரையோ மிரட்டுகிற மாதிரி இருந்தது. மிரட்டுகிறோமா, கேட்கிறோமா? அலுவலரிடமே கேட்டார். "கேக்கறீங்க அக்கா. அவங்களுக்கு மிரட்டல் மாதிரி கேக்கும், அது வேற" என்றார் அவர்.

ஒன்பதாம் நாள் கடை மேலாளரே போன் செய்தார். குரலில் தேன். "மேடம், நீங்க நம்ம கஸ்டமர். முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

மூச்சக்கா குழம்பிப்போனார். முதலில் இவரிடம்தானே சொன்னோம்? இல்லை, கனவு கண்டோமா?

இந்தத் தடவை வந்தவர் நரைத்த தலையோடு ஒரு மூத்த தொழிலாளி. ரசமட்டத்தை எடுக்கவே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து விலக்கி, தரையில் படுத்து, கால்களை ஒவ்வொன்றாக அளவு நாடாவால் அளந்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"முன் கால் ரெண்டும் வேற மாடலோடது. பின் காலவிட ஒரு விரல் கட்டை. பேக்கிங்ல மாத்திப் போட்டுட்டாங்க. இத மாட்டினவங்களாவது பாத்திருக்கணும்."

"அப்ப தரை?" என்றார் மூச்சக்கா.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தரையும் கொஞ்சம் சாய்வுதான் மேடம். இந்தப் பக்கம்."

"அப்ப முன்னாடி வந்தவர் சொன்னது பொய்யில்லையா?"

"பொய்யில்ல. ஆனா அது காரணமில்ல. தரை இத்தனூண்டு சாஞ்சதுக்கெல்லாம் கதவு திறக்காது. கால்தான்."

"ரெண்டும் சேர்ந்திருந்தா?"

"ரெண்டும் சேந்ததுனால சீக்கிரம் திறந்துச்சு. இப்ப திருப்பினதும் மெதுவாத் திறக்குதில்ல? தரை பிடிச்சு இழுக்குது, கால் தள்ளுது."

மூச்சக்கா கட்டிலில் உட்கார்ந்தார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரிந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒன்றும் நிற்கவில்லை. கால் மட்டும் மாற்றிப் போடட்டுமா, அரை மணி வேலை என்று கேட்டார் அவர். மூச்சக்கா படிவத்தில் குறியிட்ட கட்டத்தை நினைத்தார். முழுக்க மாற்றித் தரச் சொல்வது நியாயமா என்று யோசித்தார். ஆனால் சீலுக்காகக் கடைக்கு நடையாய் நடந்தது, முழுத் திருப்தி, கணவரைச் சந்தேகப்பட்ட அந்த ஒன்பது நாள், எல்லாம் வரிசையாக வந்தன.

"மாத்திக் குடுங்க" என்றார். "கால் மாறி வந்த பெட்டியில வேற என்னென்ன மாறியிருக்கோ எனக்கு எப்படித் தெரியும்? கால்தான் காரணம்னு எழுதியும் குடுத்துடுங்க."

தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். தொழிலாளி எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை மூச்சக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் நின்றுகொண்டே இருந்தார். படித்து முடித்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் வேறு அலமாரி வந்தது. மூடிய கதவு மூடியபடி நின்றது. முதல் நாள் முழுக்க மூச்சக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், நம்ப முடியாமல்.

படியில் ஓனர் மறித்தார். "என்ன சொன்னாங்க, தரையப் பத்தி?"

மூச்சக்கா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். "கால்தான் காரணம்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க சார்."

அதில் பொய் ஒன்றுமில்லை. ஓனர் அந்தத் தாளை வாங்கிப் படித்து, நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மறுநாளே தெருவில் நாலு வீட்டுக்கு அந்த நகல் போனது. மீட்டர்க்காரர் மட்டும் இரண்டு நாள் முகம் வாடியிருந்தார். அந்த மூத்த தொழிலாளியை வழியனுப்பப் படிவரை போனபோது, தரைச் சாய்வைப் பற்றி அவர் சொன்னதை இவர் கேட்டுவிட்டார். அதுவரை கடைசியாகப் பேசியவர் அவர்தான். ஆனால் ஓனரும் அதற்குப் பிறகு பேசிவிட்டார். "நான் இப்ப யார நம்பறது?" என்று கேட்டார்.

"நீங்க பேசாம இருங்க" என்றார் மூச்சக்கா. "அது போதும்."

மருத்துவமனையில் செய்தி பரவிவிட்டது. மருந்து கொடுக்கும் பெண் ஒரு மிக்ஸியின் கார்டோடு வந்தார். காவலாளி ஒடிந்த நாற்காலிக் கையின் படத்தைக் காட்டினார். மூச்சக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. எழுத்துல கேளுங்க, எழுத்துல வாங்குங்க, படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. இவ்வளவுதான் தெரியும்" என்றார். அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்கு உண்மையிலேயே ஒன்று புரியவில்லை. புது அலமாரியோடு ஒரு புது வாரண்டி கார்டு வந்திருந்தது. ஐந்து வருடம். அது இந்த அலமாரி வந்த நாளிலிருந்தா, பழைய அலமாரி வந்த நாளிலிருந்தா? கடை மேலாளர் புதுசிலிருந்து என்றார். கம்பெனிப் பெண் பழைய பில்லிலிருந்து என்றார். உதவி மைய அலுவலர், அதையும் எழுதிக் கேளுங்கள் என்றார். மூச்சக்கா எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. கார்டில் சீல் மட்டும் இந்தத் தடவை வந்த அன்றைக்கே வாங்கிவிட்டார்.